கடல் கடந்த குடித்தனம்: என் பேரில் ஓர் அட்டை

மதுரையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணமாம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. "கல்யாணம் முடிந்து இரண்டே மாதத்தில் பெண் புறப்பட்டு விடுவாள். பெட்டியில் என்னென்ன வைத்து அனுப்பலாம்? குக்கர் அங்கே கிடைக்குமா? இட்லித் தட்டு கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

குக்கர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். பெட்டியில் வைக்க முடியாத ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் 2022-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு நான் அந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். அதனால் இந்த இதழில் சமையலும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. கிரெடிட் கார்டு! "ஐயோ, கடன் அட்டையா! குடும்பத்தைக் கெடுக்கிற வஸ்து ஆயிற்றே" என்று முகம் சுளிக்காமல் கொஞ்சம் படியுங்கள். நானும் அப்படிச் சுளித்தவள்தான்.

என் வீட்டுக்காரர் 2020-லேயே நியூஜெர்சிக்கு வேலைக்கு வந்துவிட்டார். நானும் பையனும் 2022 ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தோம். எடிசன் பக்கத்தில் அபார்ட்மென்ட். வங்கிக் கணக்கு அவர் பேரில். வாடகை ஒப்பந்தம் அவர் பேரில். கரண்டு பில், டெலிபோன் எல்லாம் அவர் பேரில். எனக்கென்று அவருடைய கிரெடிட் கார்டிலேயே ஒரு உபரி அட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். என் பேர் அச்சடித்து, பளபளவென்று இருந்தது. ஓக் ட்ரீ ரோடு கடைகளில் அதை நீட்டிக் கறிவேப்பிலை முதல் கடுகு வரை வாங்குவேன். என் பேர் போட்டிருக்கிறதே, என் அட்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் வேட்டியில் முடிந்துவைத்த முந்தானை என்று தெரிய நாலு மாசம் ஆயிற்று.

டிசம்பரில் மாமியாருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று போன் வந்தது. அவர் அடித்துப் பிடித்துத் திருச்சிக்குக் கிளம்பிப் போனார். போன நாலாம் நாள் இங்கே பையனுக்குக் காதுவலி. சாயங்காலம் லேசாகத்தான் ஆரம்பித்தது. ராத்திரி ஏழு மணிக்குள் ஜுரம் 103 டிகிரி. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டான். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. எதிர் வீட்டுக் குஜராத்தி அம்மாள் (நான் அவரை 'பென்' என்று கூப்பிடுவேன், அவர்கள் பாஷையில் சகோதரி) காரை எடுத்துக்கொண்டு எங்களை அவசர கிளினிக்குக்கு அழைத்துப் போனார்.

இன்ஷூரன்ஸ் இருந்தாலும் டாக்டரைப் பார்க்குமுன் நம் பங்கு என்று ஒரு தொகை கட்டவேண்டும். எங்களுக்கு 50 டாலர். அட்டையை நீட்டினேன். மெஷின் ஏற்கவில்லை. மறுபடி தேய்த்தாள். ஏற்கவில்லை. "வேறு அட்டை இருக்கிறதா?" என்றாள் அந்தப் பெண். இல்லை. பர்ஸில் 23 டாலர் இருந்தது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். பையன் என் தோளில் சாய்ந்து முனகுகிறான். கழுத்தில் தாலிச்சரடு ஐந்து பவுன் கிடக்கிறது, அதை இங்கே எந்த மெஷினில் தேய்ப்பது! பென் ஒன்றும் பேசாமல் தம் அட்டையை நீட்டிக் கட்டினார். மருந்துக் கடையிலும் அவரே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் போட்டேன். அங்கே காலை வேளை.

"அய்யய்யோ, சொல்ல மறந்துட்டேன்மா. நேத்து பஸ் ஸ்டாண்டுல பர்ஸை அடிச்சுட்டாங்க. பாங்குக்குப் போன் பண்ணி கார்டை நிறுத்திட்டேன். அம்மாவை ஐ.சி.யூ.வுல வச்சிருக்கு, தலையும் புரியல காலும் புரியல."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வருமா? விஷயம் இதுதான். எங்கள் இரண்டு அட்டைக்கும் கணக்கு நம்பர் ஒன்றே. அவர் அட்டை தொலைந்தது என்று நிறுத்தினால் அந்த நம்பரே செத்துவிடும். என் அட்டையும் கூடவே செத்துவிடும். புது அட்டை தபாலில் வர ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாளும் நடந்ததைக் கேளுங்கள். அவர் திருச்சியில் இருந்தபடியே போனில் பென்னின் கணக்குக்குப் பணம் அனுப்புவார். பென் அதை ரொக்கமாக எடுத்து வந்து என் கையில் எண்ணிக் கொடுப்பார். புருஷன் சம்பாத்தியத்தை எதிர் வீட்டு அம்மாள் கையிலிருந்து வாங்கிக் குடித்தனம் பண்ணினேன். அவர் தங்கமான மனுஷி, ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காது மடல் சுட்டது.

ஜனவரியில் மாமியார் தேறி வீட்டுக்கு வந்தார். இவரும் திரும்பி வந்தார். வந்த வாரமே நான் சொல்லிவிட்டேன்: "எனக்கு என் பேர்ல ஒரு கணக்கு வேணும், ஒரு கார்டு வேணும்."

"என் கார்டுதான் இருக்கே. உனக்கு எதுக்குத் தனியா?" என்றார்.

"பென் வீட்டு வாசல்ல நீங்க ஒன்பது நாள் நின்னு பாருங்க, தெரியும்."

அப்புறம் அவர் பேசவில்லை. மறு சனிக்கிழமையே வங்கிக்கு அழைத்துப் போய் அவர் கணக்கில் என்னையும் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தார். என் பாஸ்போர்ட்டும் விலாசத்துக்கு ஒரு சான்றும் போதுமாக இருந்தன. ஒரு டெபிட் கார்டு கொடுத்தார்கள். அதுவே எனக்குப் பெரிய தைரியம். ஆனால் டெபிட் கார்டு வேறு, கிரெடிட் கார்டு வேறு. டெபிட் கார்டில் உங்கள் பணத்தை நீங்களே எடுக்கிறீர்கள். அதனால் வெளியுலகத்துக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால்தான் இந்த ஊர் உங்களை ஒரு ஆளாக மதிக்கும். விசித்திரமான நியாயம்தான். நம் ஊரில் கடனே இல்லாதவனை யோக்கியன் என்போம். இங்கே கடனே வாங்காதவளை "யாரோ, எவரோ" என்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தெரு அண்ணாச்சி கடையை நினைத்துக்கொண்டேன். பற்று நோட்டில் எழுதிச் சாமான் வாங்கி, ஒண்ணாந் தேதி தவறாமல் தீர்க்கிற வீட்டுக்கு அண்ணாச்சி எப்போதும் கொடுப்பார். புதிதாகக் குடி வந்தவர்களுக்கு முதலில் ரொக்கம்தான். இங்கேயும் அதேதான். ஆனால் பற்று நோட்டு கடையில் இல்லை. ஈக்குவிஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று கம்பெனிகள் ஊரார் எல்லாருடைய பற்று வரவையும் எழுதி வைத்திருக்கின்றன. அதைப் பார்த்து 300-லிருந்து 850 வரை மார்க் போடுகிறார்கள். வாடகைக்கு வீடு பிடிக்க, கார்க்கடன் வாங்க, எல்லாவற்றுக்கும் அந்த மார்க். நம் ஊர் சிபிலில் நீங்கள் எவ்வளவு நல்ல பேர் எடுத்திருந்தாலும் அது தானாக இங்கே வந்து சேராது. ஓரிரு கம்பெனிகள் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுண்டு. ஊரில் தம் பேரில் கார்டு வைத்திருந்த பெண்கள் விசாரித்துப் பாருங்கள். எனக்கு அங்கேயும் பேரில்லை, இங்கேயும் பேரில்லை.

கார்டு கேட்டு வங்கிக்குப் போனால் முதல் கேள்வியே, "சோஷியல் செக்யூரிட்டி நம்பர் என்ன?" என்பது. அது வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்குத்தான் கிடைக்கும். எச்-4 விசாவில் வந்த என் போன்ற மனைவிமாருக்கு வேலை அனுமதி கிடையாது. (2015-லிருந்து, கணவருடைய கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மனைவி தனியே அனுமதி வாங்கலாம் என்று இருக்கிறது. நாங்கள் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை.) காசு வாங்கிக்கொண்டு ஒரு படி முறுக்குச் சுற்றிக் கொடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லை.

வேலை இல்லாதவர்களுக்கு வருமான வரி இலாகா வேறொரு நம்பர் தருகிறது. ஐ.டி.ஐ.என். என்று பேர். அதுவும் ஒன்பது இலக்கம், 9-ல் ஆரம்பிக்கும். கணவரோடு சேர்ந்து வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது டபிள்யூ-7 என்ற படிவத்தையும் கூட வைத்துக் கேட்கவேண்டும். பாஸ்போர்ட்டையும் காட்டவேண்டும். பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த இலாகாவின் உதவி அலுவலகங்களில் முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போனால், பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்த்துக் கையோடு திருப்பித் தருகிறார்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிப்ரவரியில் கொடுத்தது, பத்து வாரம் கழித்து நம்பர் வந்தது. எல்லா வங்கியும் இந்த நம்பரை ஒப்புக்கொள்வதில்லை. சில ஒப்புக்கொள்ளும். விண்ணப்பம் போடுமுன்பே "இந்த நம்பர் செல்லுமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

மே மாதம் 2023. முதல் விண்ணப்பம் போட்டேன். 'வருமானம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? மனசாட்சிப்படி பூஜ்யம் என்று எழுதினேன். பத்தாம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது. மறுத்தால் என்ன காரணம் என்று சொல்லவேண்டும் என்பது இங்கே சட்டம். அதில் இரண்டு காரணம் இருந்தது: போதிய வருமானம் இல்லை, கடன் வரலாறு இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து ராத்திரி பத்தரைக்குப் படுக்கிறவளுக்கு வருமானம் இல்லையாம். நிஜந்தானே என்று நினைத்தாலும், அன்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

பையனோடு நூலகத்துக்குப் போனபோது அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். விசாரணை மேஜையில் இருந்த வயதான வெள்ளைக்கார அம்மாள், "என்ன உதவி வேணும்?" என்று கேட்க, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அவருடைய தாயார் காலத்தில் கல்யாணமான பெண் கார்டு கேட்டால் புருஷன் கையெழுத்துக் கொண்டுவா என்பார்களாம். 1974-ல்தான் சமவாய்ப்புக் கடன் சட்டம் வந்து, பெண் என்றோ, கல்யாணமானவள் என்றோ காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று ஆயிற்று. "அமெரிக்காவிலுமா?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

இன்னொன்றும் எடுத்துக் காட்டினார். 2009-ல் வந்த கார்டுச் சட்டத்தில், காலேஜ் பிள்ளைகள் கடனில் சிக்கக்கூடாது என்று சொந்த வருமானம் கேட்டார்கள். அந்த விதியை 2011-ல் எல்லா வயசுக்காரர்களுக்கும் பொருத்திவிட்டார்கள். வீட்டோடு இருக்கிற பெண்கள் பாடு திண்டாட்டமாகிப் போய், அவர்கள் மனு மேல் மனுப் போட்டார்கள். 2013-ல் விதியை மாற்றினார்கள். 21 வயசு நிறைந்தவர், தமக்கு எடுத்துச் செலவு செய்ய நியாயமான வழியுள்ள குடும்ப வருமானத்தையும் விண்ணப்பத்தில் காட்டலாம். புருஷன் சம்பளம் கூட்டுக் கணக்கில் வந்து விழுகிறதென்றால் அது போதும். பொய்யில்லை, ஏமாற்றில்லை. சட்டமே சொல்கிறது. நான் அந்த ஏட்டை நகல் எடுத்து வந்து அவரிடம் காட்டினேன். "இது எனக்கே தெரியாதே" என்றார்.

ஆக, வருமானம் தீர்ந்தது. வரலாறு? அதற்குத்தான் செக்யூர்டு கார்டு. முன்பணம் கட்டி வாங்கும் அட்டை. நீங்கள் 300 டாலர் டெபாசிட் கட்டினால், பெரும்பாலும் 300 டாலர் வரை செலவு செய்ய அனுமதி தருவார்கள். டெபாசிட்டிலிருந்து கழித்துக்கொள்வார்கள் என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை. அது அவர்களிடம் அப்படியே கிடக்கும், வீட்டு அட்வான்ஸ் மாதிரி. மாசா மாசம் வாங்கினதற்கு நாம் தனியாகக் கட்டவேண்டும். கட்டாமல் விட்டால்தான் டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

நடுவில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் வரிசையாகத் தொங்குமே, ப்ரீபெய்டு கார்டு, அதில் ஒன்றை வாங்கிப் பணம் நிரப்பி, "கார்டு வாங்கிவிட்டேன்" என்று பெருமையடித்தேன். அது வெறும் பணப்பை. அதனால் எந்த நோட்டிலும் உங்கள் பேர் ஏறாது. செக்யூர்டு கார்டு வாங்கும்போதும், "மூன்று கம்பெனிகளுக்கும் விவரம் அனுப்புவீர்களா?" என்று கேட்டு வாங்குங்கள். வருஷக் கட்டணம் இல்லாததாகப் பாருங்கள்.

300 டாலர் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மளிகைக்கென்று அவர் தரும் பணத்தில் மிச்சம் பிடித்து மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். எந்தத் தேசத்துக்குப் போனாலும் நம் புத்தி போகாது! அவரிடம் கேட்டால் கொடுத்திருப்பார். ஆனால் இதை என் பணத்தில் கட்டவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

ஜூலையில் அட்டை வந்தது. உறையைப் பிரித்தால் என் பேருக்கு முன்னால் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்திருக்கிறது! இந்தக் கூத்தைக் கல்யாணப் பெண்ணைப் பெற்றவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். நம் தமிழ்நாட்டில் நமக்கு ஒரே பேர்தான், முன்னால் அப்பா இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். அமெரிக்க விசாக்காரர்கள் அந்த ஒற்றைப் பேரைக் குடும்பப் பேராக்கி, சொந்தப் பேர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று போட்டுவிடுகிறார்கள். 'முதல் பேர் தெரியாது' என்று அதற்கு அர்த்தமாம். அப்புறம் வங்கி, லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். வங்கியில் ஒரு பெண் என்னை "ஃபுனூ, ஃபுனூ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் யாரையோ என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு மட்டுமில்லை. ஓர் இடத்தில் எஃப்.என்.யூ. சேர்த்தும், இன்னோரிடத்தில் பேரை முன்பின்னாக மாற்றியும் எழுதினால், அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரே ஆளை இரண்டு ஆளாக்கி இரண்டு ஏடு திறந்துவிடக்கூடும். சேர்த்த மார்க்கு பாதிப்பாதியாகப் போகும். எல்லாப் படிவத்திலும் பேரையும் விலாசத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதுங்கள்.

அட்டையைக் கையாளுவதில் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டாம் மாச பில் 112 டாலர். அதன் கீழேயே 'குறைந்தபட்சம் 25 டாலர்' என்று போட்டிருந்தது. எவ்வளவு நல்ல மனசு என்று 25 கட்டினேன். அடுத்த பில்லில் வட்டி! இங்கே கார்டு வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேல் சாதாரணம். என் அட்டைக்கு நம் ஊர்க் கணக்கில் மாசத்துக்கு இரண்டு வட்டிக்கும் கூட. நம்மூர் அடகுக்கடைக்காரர் தேவலை. அதோடு போகவில்லை. முழுப் பில்லையும் கட்டிக்கொண்டு வருகிறவரை வட்டியே கிடையாது. பில் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. ஒரு மாசம் பாக்கி வைத்தால் அந்தச் சலுகை போய், புதிதாக வாங்குகிற சாமானுக்கும் வாங்கின அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். இரண்டு டாலர் சொச்சத்தோடு எனக்குப் புத்தி வந்தது. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஆட்டோபே வைத்துக் கொடுத்தார். அதிலும் 'குறைந்தபட்சம்', 'முழுப் பாக்கி' என்று இரண்டு உண்டு. முழுப் பாக்கியைத் தேர்ந்தெடுங்கள். மறந்தும் மற்றது வேண்டாம்.

கார்டு வந்து ஆறு மாசம் ஓடினால்தான் முதல் மார்க் போடுவார்கள். 2024 பிப்ரவரியில் ஆசையாகப் பார்த்தேன். 641. சுமாருக்கும் கீழே! ஒரு நாள் கூடத் தவறாமல் கட்டினவளுக்கு ஏன் இந்த மார்க் என்று எனக்கு ஒரே ஆற்றாமை. அப்புறம் தெரிந்தது, பொங்கல்தான் காரணம். ஓக் ட்ரீ ரோட்டில் கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், புது உருளி என்று 268 டாலருக்கு வாங்கியிருந்தேன். 300-ல் 268! பில் போடுகிற அன்று பாக்கி எவ்வளவோ அதைத்தான் மூன்று கம்பெனிக்கும் அனுப்புவார்கள். அப்புறம் முழுசாகக் கட்டினாலும், அன்றைக்குப் பார்த்தவனுக்கு, "இவள் லிமிட்டைத் துடைத்து வழித்துச் செலவழிக்கிறாள்" என்றுதான் தோன்றும். ஃபைக்கோ என்ற மார்க்கில் ஒழுங்காகக் கட்டுவதற்கு நூற்றுக்கு 35 பங்கு, எவ்வளவு பாக்கி என்பதற்கு 30 பங்கு, கணக்கின் வயசுக்கு 15 பங்கு. மற்றவை மீதி. அடுத்த மாசம் பில் தேதிக்கு நாலு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, முப்பது நாற்பது டாலர் மட்டும் பாக்கி விட்டேன். 689! எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பரீட்சையில் நான் வாங்கின மார்க்கை நினைத்தால் இது ராங்க்.

மாடி வீட்டில் புதிதாக வந்த தஞ்சாவூர்ப் பெண், கைக்குழந்தைக்காரி, "அக்கா, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று வந்தாள். அவள் அவசரக்காரி. ஒரே வாரத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நாலும் மறுத்தபிறகுதான் என்னிடம் வந்தாள். ஒவ்வொரு விண்ணப்பமும் ஏட்டில் ஏறி இரண்டு வருஷம் நிற்கும். கொஞ்சம் மார்க்கும் குறையும். ஒன்று போட்டு, பதில் வந்து, காரணத்தைப் படித்து, அப்புறம் அடுத்தது. பக்கத்து வீட்டுக்காரி வாங்கினாளே என்று அதே வங்கியில் போடாமல், நம் நம்பருக்கு யார் தருகிறார்கள் என்று பார்த்துப் போடவேண்டும். அவளுக்கும் இப்போது ஓர் அட்டை இருக்கிறது. அவளுக்கு என் வழி கூட வேண்டியிருக்கவில்லை. அவள் கணவர் கார்டில் உபரி அட்டையாக இருந்ததே அவள் பேரில் ஏறியிருந்தது. எனக்கு அப்படி ஏறவில்லை. என் நம்பரை யாரும் அந்த வங்கிக்குக் கொடுத்திருக்கவில்லை. உபரி அட்டைக்காரிகள் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் என் வங்கி 300 டாலர் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து, லிமிட்டை ஆயிரமாக்கியது. மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் திரும்ப வைக்கவில்லை. பென்னுக்கு ஒரு பருத்திப் புடவை வாங்கினேன், மீதியைக் கணக்கில் போட்டேன். அதே வருஷம் அக்டோபரில் நயாகரா பார்க்கப் போனோம். ஹோட்டல் கவுண்டரில் அவர் கார்டு விழவில்லை. வழியில் எங்கோ பெட்ரோல் போட்டதை வங்கி சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்திருந்தது. அவர் பையைத் துழாவினார். என்னைப் பார்த்தார்.

"அந்தக் கார்டு இருக்கா?"

"எந்தக் கார்டு?"

"உன் கார்டுதாம்மா."

பையன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. நிதானமாகப் பர்ஸைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

மதுரைச் சகோதரிக்கு: விசாவுக்கு விண்ணப்பம் போடுமுன்பே மகளின் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டத்திலும் பேர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மும்முரத்திலும் அதை முதலில் திருத்தி வாங்குங்கள். போனதும் கூட்டுக் கணக்கில் பேரைச் சேர்க்கும்படி மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லலாம், தப்பில்லை. கல்யாணச் சான்றிதழ் அசல் ஒன்றும் நகல் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். குக்கர் இங்கே இந்தியக் கடை உள்ள ஊர்களில் கிடைக்கும், விலைதான் கூட. மூன்று லிட்டர் அளவில் ஒன்று கொடுத்தனுப்புங்கள். இரண்டு பேருக்கு அது தாராளம். காஸ்கெட்டும் வெயிட்டும் மட்டும் இரண்டிரண்டாக உபரி வையுங்கள். சின்ன ஊருக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கிடைக்காது.